சுடுமல்லிக்கு வக்காலத்து

பன்னிரண்டு வருடமாக ஒரே ஒரு செடியை ஆராய்ந்து நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் செடியை ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. எங்கள் துறையில் இது ஒரு குறையே அல்ல. மரபணு வரிசை கணினியில் இருக்கிறது, புரதம் குளிர்பெட்டியில் இருக்கிறது, அழகான வண்ணப்படம் கட்டுரையின் முதல் பக்கத்தில் இருக்கிறது. செடி வேறு எதற்கு?

செடியின் பெயர் சுடுமல்லி. மல்லி என்றதும் கூந்தலில் வைத்துப் பார்க்க வேண்டாம். சோளம், கேழ்வரகு, சாமை போன்ற பயிர்களின் வேரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சி வாழும் களை அது. மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சின்ன வெள்ளைப் பூவோடு சாதுவாக நிற்கும். பக்கத்தில் பயிர் நெருப்பில் வாட்டியது போல் கருகி நிற்கும்.

போன வருடம் ஐரோப்பாவில் ஒரு மாநாடு. தாவர ஹார்மோன் ஏற்பிகளின் பரிணாமமும் பணிப் பெருக்கமும் என்று என் உரைக்குத் தலைப்பு. தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் காபிக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு நாற்பது படங்கள் காட்டினேன், கைதட்டினார்கள். இடைவேளையில் கென்யாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி தட்டில் கேக்கோடு என்னிடம் வந்தார். "எங்கள் அம்மாவின் சோளக் கொல்லையில் இந்தச் செடி ஏராளம். உங்கள் ஊரில் இது எந்த மாதத்தில் பூக்கும்?" என்று கேட்டார்.

"அக்டோபர் என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறீர்களா?" என்றார். அவ்வளவுதான். கேக்கைத் தின்றுகொண்டே போய்விட்டார். திரும்பி வரும் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வழி முழுக்கக் குறட்டை விட்டார். எனக்கு அந்த ஒரு சொல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

சென்னை வந்ததும் என் சேலத்துத் தோழி ஒருத்தி, ஏற்காட்டு மலையில் வாழவந்தி தாண்டிச் சாமைக் காடுகளில் அது கொட்டிக் கிடக்கிறது என்றாள். பேராசிரியருக்கு ஆனந்தம். "உடனே போயிட்டு வாம்மா. இலை கொண்டு வா. முக்கியமா விதை. விதை இல்லாம திரும்பி வராதே" என்று ஆசீர்வதித்தார். அனுமதிக் கடிதங்கள் வாங்கிய கதையை விட்டுவிடுகிறேன். அதைத் தாங்கும் பொறுமை உங்களுக்கும் இருக்காது.

புரட்டாசிச் சனிக்கிழமை காலை சேலத்தில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ்கட்டியும், வெட்டிய இலை கெடாமல் இருக்க ஒரு மருந்து ஊற்றிய சின்னக் குப்பிகளும். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. முன் இருக்கையில் துளசி மாலை போட்டிருந்த ஓர் அம்மாள் திரும்பினார்.

"ஏனுங்க, மீனுங்களா?"

"இல்லைங்க. இலை வைக்கிறதுக்கு."

"எலைக்கு எதுக்குங்க ஐஸு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பிவிட்டார். "பொரட்டாசிச் சனிக்கெழமையில மீனு கொண்டாறாங்க பாரு. கேட்டா எலைங்கறாங்க." செய்தி பஸ்ஸின் கடைசி வரிசைக்கு எட்ட இரண்டு வளைவுதான் ஆயிற்று. பத்தாவது வளைவில் என்னைச் சுற்றி மூன்று இருக்கைகள் காலி. விடுமுறை நாளில் ஏற்காட்டுப் பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்து மலையேறிய ஒரே பயணி நானாகத்தான் இருப்பேன்.

சென்னை நெரிசலுக்குப் பயந்து அமைதி தேடி வந்தவர்கள் எல்லாரும் ஏற்காட்டு நடுவில் ஒண்டிக்கடை முக்கில் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வடபழனியில்கூட இவ்வளவு உற்சாகமாக அடிக்க மாட்டார்கள். ஏரிக்கரையில் படகுக்கு ஒரு வரிசை, பஜ்ஜிக்கு ஒரு வரிசை, படகுக்கு நிற்கும் வரிசையோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை.

விடுதியில் வரவேற்பு மேசையில் செந்தில் என்கிற சேலத்துக்காரர் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "என்ன விசயமா வந்திருக்கீங்க மேடம்?" என்றார்.

"ஆராய்ச்சி."

"எதப் பத்திங்க?"

"ரிசெப்டர்."

"ரிசப்ஷனுங்களா? இதுதானுங்க மேடம் ரிசப்ஷன்" என்று மேசையைத் தட்டிக் காட்டினார்.

என் தொழிலை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. செடிக்குக் காதும் இல்லை, மூக்கும் இல்லை. ஹார்மோன் என்ற ஒரு துளிப் பொருள் வந்து, செல்லுக்குள் காத்திருக்கும் ஒரு புரதத்தின் குழியில் சரியாகப் பொருந்தினால்தான் முளை, கிளை விடு, உதிர் என்று உத்தரவு பிறக்கும். அந்தப் புரதம்தான் ரிசெப்டர், தமிழில் ஏற்பி. பாசிகளில்கூட இருக்கும் மிகப் பழைய ஏற்பி ஒன்று உண்டு. செடிக்குள்ளேயே இருக்கும் எந்த ஹார்மோனுக்காக அது காத்திருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு காலத்தில் அதன் மரபணு இரண்டாக நகலானது. ஒரு நகல் பழைய வேலையிலேயே இருந்தது; காட்டுத் தீக்குப் பிறகு புகையின் சேதியைப் பிடித்து விதையை எழுப்புவது அதன் வம்சம்தான். இன்னொரு நகல் வேறொரு ஹார்மோனுக்குப் பழகிக்கொண்டு, எத்தனை கிளை விடலாம் என்று நிர்வாகம் பார்க்கப் போய்விட்டது. ஒரே வேலைக்கு இரண்டு ஆள் இருந்தால் ஒருவர் புது வேலை கற்றுக்கொள்வார் என்பது பரிணாமத்தில் நடக்கும். எங்கள் அலுவலகத்தில் நடந்ததில்லை.

சுடுமல்லியின் முன்னோர் செய்தது இன்னும் பெரிய காரியம். அந்தப் பழைய ஏற்பியைத் திரும்பத் திரும்ப நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். மண்ணில் சத்துக் குறைந்தால் பயிர் தன் வேரிலிருந்து ஒரு பொருளைக் கசியவிட்டு, உதவிக்கு வரும் பூஞ்சையைக் கூப்பிடும். சுடுமல்லி விதையின் புது ஏற்பிகள் அந்தக் கூப்பாட்டை ஒட்டுக்கேட்கப் பழகிவிட்டன. அந்தப் பொருளில் ஒரு சிட்டிகையை ஏற்காடு ஏரியில் கரைத்தாலும் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிடும். பக்கத்தில் ஒரு வேர் பசியோடு கூப்பிடுகிறது என்று தெரிந்ததும் முளைத்துப் போய் ஒட்டிக்கொள்ளும். ஏழை மண்ணில்தான் பயிர் அதிகம் கூப்பிடும். ஆகவே ஏழைக் காட்டில்தான் சுடுமல்லியும் அதிகம்.

இதையெல்லாம் செந்திலிடம் ஆர்வமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம். அப்ப ரூமு மட்டும் போதுங்களா, போட்டிங்குக்கும் சொல்லிரட்டுங்களா?" என்றார்.

அறையில் காபி கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் காபிச் செடி. உள்ளே வந்தது ஒரு கோப்பை வெந்நீரும் ஒரு பாக்கெட் உடனடிக் காபித்தூளும். "இங்க வெளையறதெல்லாம் என்னங்க ஆகுது?" என்று கேட்டேன். "அது வெளியூருக்குப் போயிருங்க மேடம். இது வெளியூர்ல இருந்து வருதுங்க."

ஞாயிற்றுக்கிழமை. தோழி சொல்லி வைத்திருந்த ஜீப்காரர் அருள்ராஜ், "பூசை முடிஞ்சுதானுங்க வண்டி" என்று சொல்லிவிட்டார். ஒண்டிக்கடையில் பனிக்குள் நின்றபடி நான்கு மிளகாய் பஜ்ஜி தின்றேன். மாதா கோயிலில் பூசை நீண்டது. இன்னும் மூன்று தின்றேன். ஒன்பதரைக்கு அருள்ராஜ் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஜீப்பில் எட்டுப் பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்தது. பதினான்கு பேர், இரண்டு உர மூட்டை, ஒரு கோழி, என் பெட்டி. கோழிக்கு மட்டும்தான் தனி இடம்.

பாதி வழியில் ஒரு வெளியூர்க் கார், பின்னால் எடுக்கிறேன் என்று சாக்கடையில் இறங்கியிருந்தது. நாங்கள் பதினான்கு பேரும் இறங்கித் தள்ளினோம். காருக்குச் சொந்தக்காரர்கள் நாங்கள் தள்ளுவதை நான்கு கோணங்களில் வீடியோ எடுத்தார்கள். கார் ஏறியதும் கையசைத்துவிட்டுப் போனார்கள். "நன்றி சொல்லுறாங்களாமா" என்று அருள்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள். அருள்ராஜ் காட்டிய காடு மாதேசு என்பவருடையது. அவர் எஸ்டேட்டில் கூலி வேலைக்குப் போகிறவர். அன்று ஊரில் இல்லை. அவர் மனைவி சின்னப்பொண்ணுவும் அவருடைய நாத்தனாரும் சரிவில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலிருந்த கட்டைப் பார்த்ததும் ஓட்டமாகச் சரிவில் இறங்கினேன். பச்சைத் தண்டு, சின்ன வெள்ளைப் பூ.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

இருவரும் துள்ளி விலகினார்கள். "பாம்புங்களா?" என்றார் சின்னப்பொண்ணு.

"இல்லைங்க. அந்தச் செடி. அதப் பிடுங்காதீங்க."

"சுடுமல்லியவா?" அவர் நாத்தனாரைப் பார்த்தார், பிறகு என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பது. "இதப் புடுங்காதேங்கற மொத ஆளு நீங்கதானுங்க."

நான் அதற்குள் மண்டி போட்டிருந்தேன். பன்னிரண்டு வருடம் சம்பளம் கொடுத்த முதலாளியை முதல் முறையாக நேரில் பார்க்கிறேன், எழுந்து நின்றா பேசுவது? புரட்டாசியிலேயே பூத்துவிட்டிருந்தது. கீழ்க்காய்கள் சில பழுப்பாகிக்கொண்டிருந்தன. எந்தக் கட்டுரையின் படமும் இவ்வளவு லட்சணமாக இல்லை. "எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"பாக்க நல்லாத்தானுங்க இருக்கும். பக்கத்துல சாமையப் பாருங்க."

பார்த்தேன். முழங்கால் உயரம் இருக்க வேண்டிய பயிர் கணுக்காலில் நின்றது. இலை நுனிகள் கருகியிருந்தன.

தண்ணீர் கொடுத்துவிட்டுச் சின்னப்பொண்ணு சொன்னார். போன விளைச்சலிலும் பாதிக் காடு இப்படியே போயிற்று. அடுத்த காட்டுக்காரர் வெறுத்துப்போய் காட்டேஜ் கட்டுகிறவருக்குக் கொடுத்துவிட்டார். அதே ஆள் இவர்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். "இந்த வருசமும் சாமை வல்லீன்னா காட்டக் குடுத்துட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயர்லாங்கறாரு எங்கூட்டுக்காரரு. எனக்கு அது வேண்டாமுங்க. போன வருசம் என்ற தங்கச்சி ஊட்டுக்குப் போயிருந்தேன். ஒரே ரூம்புல ஆறு பேருங்க. மூச்சு உடறதுக்கே மொற போடோணும்."

இவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் நான் என் வேண்டுகோளை வைத்தேன். காட்டின் மேலோரத்தில் களை நெருக்கமாக இருந்த பட்டையை மட்டும் பிடுங்காமல் பத்து நாள் விட்டுவைக்க வேண்டும். காய் முற்றியதும் வந்து விதை எடுத்துக்கொள்கிறேன். ஆராய்ச்சிக்கு.

சின்னப்பொண்ணு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வெதெ உளுந்தா என்னுங்க ஆகும்?"

அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே விவரமாகப் பதில் சொல்லக்கூடிய சில நூறு பேரில் நானும் ஒருத்தி.

"கொஞ்சம்தானே. ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.

"படிச்சவீங்க சொன்னாச் செரிதானுங்க" என்று எழுந்து போய், நான்கு குச்சிகளை வெட்டி வந்து அந்தப் பட்டையைச் சுற்றி நட்டார். யாரும் தெரியாமல் பிடுங்கிவிடக் கூடாதாம். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, சுட்ட மிளகாய். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பொய் சொன்னால் பசிக்கும் என்று எந்த ஆய்விதழும் எழுதவில்லை, நான் எழுதலாம்.

திங்கட்கிழமை ஊர் காலியாகிவிட்டது. ஏரியில் படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஆள் இல்லாமல் கிடந்தன. காலையில் பேராசிரியரை அழைத்தேன். பட்டையை விட்டுவைக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்றதும், "வெரி குட்! இன்னும் கொஞ்சம் பெருசாக் கேட்டிருக்கலாமே" என்றார்.

"சார், அவங்க காடு பாழாயிடும்."

"ஏற்கெனவே களை இருக்கிற நிலம்தானேம்மா."

முந்தைய நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதே வாக்கியம்தான். என் குரலில் அது விஞ்ஞானம் போல இருந்தது. அவர் குரலில் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.

வாழவந்தி பஸ் ஏறினேன். ஒரு காட்டெருமை சாலை நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்ததால் இருபது நிமிடம் பஸ்ஸும் நின்றது. சென்னையாக இருந்தால் நூறு ஹாரன் அடித்திருப்பார்கள். இங்கே டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போட்டார். "அதோட ரோடுங்க. அது போனாத்தான் நாம" என்றார் கண்டக்டர்.

முந்தைய நாள் மாலை நல்ல மழை. காட்டுக்குள் நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். மேலோரத்தில் குச்சி நட்ட பட்டையிலிருந்து தண்ணீர் வழிந்த தடம் சரிவு முழுக்க விரல் விரலாகப் பிரிந்து இறங்கி, வரப்பைத் தாண்டி அடுத்த காட்டுக்கும் போயிருந்தது. நான் தேர்ந்தெடுத்த இடம் அப்படி. விதை விழுந்தால் ஒரே மழையில் எல்லாருக்கும் பங்கு கிடைத்துவிடும்.

மாதேசு வரப்பில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். கும்பிட்டார், எழுந்திருக்கவில்லை. "ஏனுங்க, இவ என்னென்னமோ சொல்றா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது உங்க காடா இருந்தா உடுவீங்களா?"

"விட மாட்டேங்க" என்றேன்.

சின்னப்பொண்ணு நிமிர்ந்தார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கில் விதை. கண்ணுக்குத் தெரியாத தூசி. தண்ணீர் போகும் பக்கமெல்லாம் போகும், செருப்பில் ஒட்டும், ஆட்டுக் குளம்பில் ஒட்டும். மண்ணுக்குள் பதினைந்து வருடம்கூட உயிரோடு கிடந்து, ஒரு வேர் கூப்பிட்டதும் எழுந்து வரும்.

"இதெல்லாம் நேத்தே தெரியுமுங்களா?" என்றார் சின்னப்பொண்ணு.

"தெரியும்."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு, "நேத்து எங்கூட்டுல சோறு தின்னீங்க" என்றார்.

சத்தம் போட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க கெளம்புங்க" என்றார் மாதேசு.

நான் கிளம்பவில்லை. மேலே ஏறிப் போய், அந்தக் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தேன். முதலில் முற்றிய காய்கள். ஒவ்வொன்றின் கீழும் காகித உறையைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் கத்தரித்தேன்; கூடவே ஓரிரு இலைகளை வெட்டிக் குப்பியில் போட்டுக்கொண்டேன். முடிந்த செடியை வேரோடு இழுத்தேன். மேல்பாதி கையோடு வந்தது, அடித்தண்டு மண்ணிலேயே நின்றது.

நான்காவது செடியில் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்புடி இழுத்தா அந்துருமுங்க. மறுக்காத் தழையும். அடியில புடிச்சு ஆட்டிட்டு எடுங்க." சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒரு நிமிடத்தில் எடுத்ததை எடுக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

பகல் முழுக்கப் பறித்தோம். நாத்தனாரும் வந்தார். மத்தியானம் மாதேசும் இறங்கிவிட்டார். என் முழங்காலும் இடுப்பும் பல வருடத்து நாற்காலி வாழ்க்கைக்கு வட்டியும் முதலுமாக அழுதன. நடுவில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "இந்தக் காஞ்ச காய மட்டும் நான் கொண்டு போகலாங்களா?"

சின்னப்பொண்ணு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "அதத்தானுங்க கொண்டு போகோணும்! ஒண்ணு உடாம அள்ளிட்டுப் போங்க. இங்க எதுக்குங்க அது?"

எனக்கு வேண்டியதும் அவருக்கு வேண்டாததும் ஒன்றேதான். முற்றாததை முற்ற விடச் சொல்லி ஒரு பொய் சொல்லாமல், முற்றியதைப் பொறுக்கித் தருகிறேன் என்று முதல் நாளே கேட்டிருந்தால் பஜ்ஜி சாப்பிடும் நேரத்தில் வேலை முடிந்திருக்கும். முனைவர் பட்டம் பெற்றவளுக்கு இது புரிய ஒன்றரை நாள் பிடித்தது.

பறித்துக்கொண்டே கீழ் மூலைக்கு இறங்கியபோது கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த மூலையில் சுடுமல்லி நாலைந்துதான். சாமை நன்றாகப் பச்சையாக நின்றது.

"இங்க மட்டும் ஏன் இல்லை?" என்றேன்.

"போன வருசம் இந்த மூலைக்கு வெதெச்சாமை பத்துலீங்க. சும்மா கெடக்குதேன்னு தட்டப்பயிறு போட்டோம்" என்றார் சின்னப்பொண்ணு.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என் கட்டுரைகள் எல்லாவற்றின் முன்னுரையிலும் இதற்கு ஒரு வரி உண்டு. எழுதியதோடு சரி, அதை நானே நம்பினேனா என்று யோசித்ததில்லை. சென்னையில் நாங்கள் காராமணி என்கிற இந்தத் தட்டப்பயிறும் வேரிலிருந்து அதே மாதிரிக் கூப்பாட்டைக் கசியவிடும். மண்ணுக்குள் படுத்திருக்கும் சுடுமல்லி விதையின் ஏற்பி, சாமைதான் கூப்பிடுகிறது என்று நம்பி முளைத்துவிடும். முளைத்த பிறகு பார்த்தால் ஒட்டிக்கொள்ள முடியாத வேர். சில நாளில் பட்டினி கிடந்து செத்துப்போகும். எத்தனையோ லட்சம் வருடம் கூர்தீட்டி வைத்த காதை ஒரு பயறுச் செடி ஏமாற்றிவிடுகிறது.

மூவருக்கும் இதைச் சொன்னேன். நாற்பது படங்கள் இல்லாமல், மண்ணில் குச்சியால் கோடு போட்டுச் சொன்னேன். சின்னப்பொண்ணு கவனமாகக் கேட்டார். "அப்ப காடு பூராம் தட்டப்பயிறு போட்டா இது ஒழிஞ்சுருமுங்களா?"

"நெறைய கொறையும்."

"சோத்துக்கு என்னுங்க பண்றது?"

கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டேன். எந்த மாநாட்டிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மாநாட்டில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு தயாராக இருக்கும்.

மாதேசுதான் எழுந்து நின்று காட்டை மேலும் கீழும் பார்த்தார். "மேல பாதி பயிறு. கீழ பாதி சாமை. மறு வருசம் மாத்திப் போடலாம். பத்தும் பத்தாததுக்குக் கூலிக்குப் போறதுதான் இருக்குதே." பிறகு என்னிடம், "இப்புடி எத்தன வருசத்துக்குங்க?" என்றார்.

"பதினஞ்சுன்னு வெச்சுக்குங்க. நடுவுல ஒண்ணுகூட விதை விடாம இருந்தா."

மாதேசு சிரித்துவிட்டார். "பதினஞ்சு வருசத்துல எங்க காட்டச் சுத்தி பூராம் காட்டேஜா இருக்குமுங்க."

"இருக்கட்டும். நடுவுல நம்ம காடு இருக்கும்" என்றார் சின்னப்பொண்ணு. அவர் சிரிக்கவில்லை. திருப்பூர்ப் பேச்சை மாதேசு எடுக்கவே இல்லை.

பறித்ததையெல்லாம் பாறை ஓரத்தில் குவித்துக் கொளுத்தினோம். புகை எழும்பியது. வாய் சும்மா இராமல், சில விதைகள் புகை பட்டால் முளைக்கும் என்று ஆரம்பித்தேன். சின்னப்பொண்ணு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "உட்டா வெதெ உடும். எரிச்சா மொளைக்கும். நொம்ப நல்ல படிப்புங்க உங்க படிப்பு. எதுதானுங்க செய்யலாம்?" நான் வாயை மூடிக்கொண்டு இன்னொரு கட்டைத் தூக்கிப் போட்டேன்.

மறுநாள் மலை இறங்கினேன். சென்னையில் பேராசிரியர் உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் ஒரு கோடு போல விதை. "இவ்வளவுதானா?"

"அவங்க காட்டுல முத்தினது அவ்வளவுதான் சார்."

"பத்து நாள் கழிச்சு மறுபடி போகலாமே."

"மீதியை நானே பிடுங்கி எரிச்சுட்டேன் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது ஒருவகையில் வேலைக்கு வசதியாக இருந்தது. இலையிலிருந்து எடுத்த மரபணுக்களைப் படித்தபோது, அந்த மலைச் சுடுமல்லியிலும் பழைய ஏற்பியின் நகல்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் குழி மற்றவற்றைவிடச் சற்று அகலம். சாமைக்குப் பழகி அப்படி ஆயிற்றா என்று இன்னும் தெரியாது. தெரிந்தால் கட்டுரை வரும். பேராசிரியர் இப்போது பேசுகிறார்.

அந்தக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் பெயர் போடட்டுமா என்று சின்னப்பொண்ணுவிடம் போனில் கேட்டேன். "என்ற பேரு எதுக்குங்க அதுல? எங்க காட்டுல களை இருக்குதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றதுக்கா?" என்றார். போடவில்லை.

இந்தப் புரட்டாசியில் நான்கு நாள் விடுப்புப் போட்டுவிட்டு மறுபடி போனேன். மேல்பாதியில் தட்டப்பயிறு காய் பிடித்திருந்தது. கீழ்ப்பாதிச் சாமை எல்லா இடத்திலும் நன்றாக இல்லை, ஆனால் முழங்காலைத் தொட்டது. சுடுமல்லி இருந்தது. போன வருடம் மூட்டை மூட்டையாக எரித்தோம், இந்த வருடம் கூடைக் கணக்குதான். சின்னப்பொண்ணு எனக்கு ஒரு பழைய சாக்கைக் கொடுத்துக் கீழ்வரிசையில் உட்கார வைத்தார். வரவேற்பெல்லாம் ஒன்றும் இல்லை. அடியில் பிடித்து ஆட்டிவிட்டு எடுத்தேன், வேரோடு வந்தது. பக்கத்து வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஒரு வருசம் ஆச்சுங்க. அப்ப மீதி பதினாலுங்களா?" என்றார்.

"ஆமாங்க. ஒண்ணுகூட விதை விடாம இருந்தா."

"உடாதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த செடிக்குக் குனிந்தார்.